‘ற’ வெட்டிய பலகைகள்

"மச்சான், அந்த மெஷினை எங்கட ஊட்டால எடுங்க."

றஸ்னாவின் வாயிலிருந்து இது வந்ததும் வீட்டு மண்டபத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய ராத்தா, மூத்தவள் நபீலா இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, பகல் சாப்பாடு முடிந்து, மௌலவியும் தெருச்சனமும் எழும்பிப் போய் அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சாப்பிட்ட சஹன் தட்டுகள் குசினி வாசலில் கழுவாமல் கிடந்தன. மிஞ்சியிருந்தது வீட்டாட்கள் மட்டும்தான். கதிரையில் வாப்பா மீராமுகைதீன். அவருக்குப் பக்கத்தில் உம்மாவின் தம்பி மக்கீன் மாமா, பள்ளிவாசல் மரைக்கார். எதிரே நபீலாவின் மாப்பிள்ளை பாயிஸ். அவனை ஒட்டி அவனுடைய உம்மா சுபைறா. குசினி நிலையைப் பிடித்தபடி றஸ்னாவின் உம்மா ஹவ்வா உம்மா.

"என்ன கதை இது?" என்று மக்கீன் மாமாதான் முதலில் வாய் திறந்தார். "நாங்க கதைக்க வந்த விசயம் என்ன, நீ கதைக்கிற விசயம் என்ன?"

"கம்பஸ்ல இதத்தான் படிச்சிக் குடுத்தாங்களாக்கும்" என்றாள் சுபைறா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மருமகனிடம் எதையும் கேட்கக் கூடாது. றஸ்னா எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே படித்த பாடம் இது. கல்முனைக்குடியில் பெண் கட்டிப் போவதில்லை, ஆண்தான் கட்டி வருகிறான். வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, கட்டில், அலுமாரி, குசினிச் சட்டிவரைக்கும் பெண்ணுக்கு. வருகிறவன் ஒரு சூட்கேசோடு வருவான். அதனால் அவன் சாகும்வரை அந்த வீட்டில் விருந்தாளி. விருந்தாளியிடம் "இதை அங்கால வை, அதை இஞ்சால எடு" என்று சொல்ல முடியுமா? முகம் கோணினால் சேர்ட்டை மாட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவான். பிறகு மாப்பிள்ளை இல்லாத வீடு என்று தெருவெல்லாம் கதையாகும். ஆகவே மருமகன் கேட்காமலே மீன் வெட்டிக் கொடுக்கப்படும், கேட்காமலே பட்டறைக்குக் கொட்டில் போட்டுக் கொடுக்கப்படும். அவனிடம் மட்டும் எதையும் கேட்கப்படாது.

றஸ்னா கேட்டுவிட்டாள். நாற்பது நாள் பிந்திக் கேட்டாள். 

மெஷின் வீட்டின் மேற்குப் பக்கம், படுக்கையறைச் சுவரோடு ஒட்டிய கொட்டிலுக்குள் இருந்தது. மரம் மினுக்குகிற பெரிய மெஷின். பாயிஸ் மரவேலையில் கெட்டிக்கார ஓடாவி. மொறட்டுவையில் வேலை பழகியவன். இரண்டு வருசத்துக்கு முன் அதை லொறியில் கொண்டுவந்து, சீமெந்துத் தரையில் பூட்டி, முதல் தரம் ஓட விட்டபோது வாப்பா பக்கத்தில் நின்று, தன் சொந்த மகன் பட்டம் வாங்கினது போல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மகன் இல்லை. பட்டம் வாங்கிய மகள் அப்போது அதே வளவில்தான் நின்றாள்.

அந்த மெஷினில் ஓடியதெல்லாம் முதிரை. இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கு வேறு மரம் ஆகாது. தேக்கு எடுத்தால் "ஆ, தேக்கா" என்பார்கள். முதிரை எடுத்தால் வாய் மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார்கள். மஞ்சளாய், பட்டுப் போல் மினுங்கும், கறையான் கிட்ட வராது, ஆணி இறங்காது. இறக்காமத்துப் பக்கம் வண்டிலுக்கும் வீட்டு வளைக்கும் போகிற மரம், கடற்கரைப் பக்கம் வந்ததும் நிலையும் கதவும் கட்டிலும் ஆகிவிடும். வாப்பா செய்த பள்ளிவாசல் மிம்பர் மேடையும் முதிரைதான். ஆனால் மினுக்கும்போது பறக்கிற தூள் பொல்லாதது. மேலில் பட்டால் சொறியும். மூக்கில் ஏறினால் இருமல் நிற்காது. ஓடாவிமார் முகத்தில் சாறன் துண்டைக் கட்டிக்கொண்டு மினுக்குவார்கள். அறைக்குள் இருக்கிறவள் எதைக் கட்டிக்கொள்வாள்?

இந்த வீட்டுக்கான முதிரை உம்மாவின் இறக்காமத்துக் காணியில் நின்ற ஒற்றை மரம். குளத்துப் பக்கமிருந்து வருகிற யானைகள் அதில் முதுகு சொறிந்து சொறிந்து ஒரு பக்கப் பட்டை வழுவழுவென்று போயிருந்தது. பெமிட் எடுத்து அதைத் தறித்தபோது றஸ்னாவுக்குப் பதினாலு வயது. மரக்காலையில் அரிந்து, பலகையாக்கி, இடைக்கிடை குச்சி வைத்து அடுக்கிக் காயவைத்தார் வாப்பா. அடுக்கி முடித்த அன்று இரண்டு மக்களையும் கூப்பிட்டு நிறுத்தி, ஒவ்வொரு பலகையின் நுனியிலும் உளியால் எழுத்து வெட்டினார். அடிமரத்துப் பலகைகளில் ‘ந’. மேல்மரத்துப் பலகைகளில் ‘ற’.

"ரெண்டு பேருக்கும் ஒரே மரம். நாளைக்கு மூத்தவளுக்குக் கூட, எளயவளுக்குக் கொற எண்டு எவனும் கதைக்கப்படாது" என்றார்.

ஐந்து வருசம் அந்தப் பலகைகள் காய்ந்தன. றஸ்னா பள்ளிக்கூடம் விட்டு வந்து சில நாள் தன் எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். பிறகு நபீலாவுக்குக் கல்யாணம் பேசி வந்த சுபைறா, பாதி எழும்பிய வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கதவும் நிலையும் முதிரை, யன்னல் வேறு மரம் என்று கேள்விப்பட்டதும் சொன்னாள்: "அப்ப யன்னலால பாக்கிறவங்களுக்கு வேற ஊடு போலத் தெரியுமே." அவ்வளவுதான் சொன்னாள். வாப்பா அன்று பின்னேரமே ‘ற’ பலகைகளை இறக்கத் தொடங்கினார். எட்டு யன்னல், கட்டில், அலுமாரி. கடைசிப் பலகை கட்டிலின் தலைமாட்டுக்குப் போனது.

"உனக்கு அல்லாஹ் வேற மரம் தருவான், மகள்" என்றார்.  றஸ்னாவிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

வாப்பாவின் கைவேலை பொய் சொல்லாது. யன்னலைச் சாத்தினால் உள்ளே வெளிச்சக் கீற்றுக்கூட நுழையாது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் பெருமைப்பட்டார். நபீலா தூளுக்குப் பயந்து யன்னலைச் சாத்தினாள். தூள் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையால் வந்தது; பாயிசின் தலைமயிரில், சாறனில், அவன் படுக்கிற தலையணையில் வந்தது. வந்த தூளுக்கு வெளியே போக வழி இருக்கவில்லை.

"எந்த மெஷின்?" என்று கேட்டான் பாயிஸ். நாற்பது நாளில் அவன் பாதியாகிவிட்டிருந்தான். அவனை வெறுக்க றஸ்னா எவ்வளவோ முயன்றிருந்தாள்; அவனோ சவரம் செய்யாத முகத்தோடு ஒரு பெரிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"மினுக்கிற மெஷின், மச்சான். ராத்தாவுக்குத் தொய்வு இரிந்த. ஒங்களுக்குத் தெரியுமா? அந்தத் தூள்தான் அவட மூச்ச எடுத்த."

"றஸ்னா!" வாப்பா கையை நீட்டித் தடுத்தார். "வாயப் பொத்து."

"பொத்தித்தானே இரிந்தம், வாப்பா. பொத்திப் பொத்தித்தானே ராத்தாவ மையவாடியில அடக்கின."

சுபைறா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தொய்வா? கலியாணம் பேசக்குள்ள ஒரு வார்த்த சொன்னீங்களா, மீராமுகைதீன் காக்கா? சளி புடிக்கும், தடிமன் புடிக்கும் எண்டுதானே சொன்னீங்க?"

வாப்பா தரையைப் பார்த்தார். சின்ன வயதில் நபீலாவுக்கு மழைகாலத்தில் ஒன்றிரண்டு தரம் தொய்வில் மூச்சு இழுக்கும்; ஆஸ்துமாதான். கல்யாணம் பேசும்போது அதை மறைத்தார்கள். மறைத்ததை மறைக்க, மூச்சு முட்டும்போது வாயில் அடிக்கிற பம்மை அலுமாரி லாச்சிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தார்கள். மெஷின் வந்த பிறகு அவள் அதைக் குளியலறைக்குள் போய் நின்று அடித்தாள். மெஷினை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் தொய்வு. தொய்வு என்றால் ஏமாற்றிக் கட்டிக்கொடுத்தார்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக்கூட யாரும் தொடவில்லை.

ஆடி மாதம், கச்சான் காற்று உச்சத்தில் அடித்த ஒரு காலை, நபீலா ஒரு பையும் மகள் மின்ஹாவும் கையுமாகப் பின்வளவுக்கு வந்தாள். பெரிய வீடு மூத்தவளுக்கு எழுதியான பிறகு வாப்பாவும் உம்மாவும் றஸ்னாவும் குடியிருப்பது கிணற்றுக்கு அப்பாலுள்ள சின்ன வீட்டில். முப்பது எட்டு வைத்து நடக்கிற தூரம். அது கொட்டிலுக்கும் மேற்கே; காற்று மேற்கிலிருந்து அடித்ததால் அங்கே தூள் வராது.

"வாப்பா, கச்சான் முடியிற மட்டும் இஞ்ச படுக்கிறன். ரெண்டு மாசம். மூச்செடுக்க ஏலாம இரிக்கி."

வாப்பா முற்றத்தில் ஒரு நிலைக்குச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "உன்ட ஊட்ட உட்டுட்டு நீ எங்க வாற? மருமகன் தனிய இரிக்க நீ இஞ்ச படுத்தா, ஊர் என்ன கேக்கும்? கிறுகிப் போ, மகள். யன்னலச் சாத்திட்டுப் படு."

தாய் வீட்டுக்கு ஓடிவர அவளுக்கு வழி இல்லை, ஏனென்றால் அவள் இருந்ததே தாய் கொடுத்த வீடு.  நபீலா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கிறுகி, அந்த முப்பது எட்டையும் திரும்பி நடந்தாள். உம்மா பானையில் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள்; அரிசி ஐந்தாறு தரம் கழுவப்பட்டது.

இதையெல்லாம் றஸ்னா வாசலில் நின்று பார்த்தாள். புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவள். கச்சான் எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று மூன்று பக்கம் எழுதிப் புள்ளி வாங்கியவள். ஒரு வரி பேசவில்லை.

அதுமட்டும் என்றால்கூட அவள் தன்னை மன்னித்திருப்பாள். மறுநாள் கிணற்றடியில் நபீலா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சவள். நீ கதச்சா மச்சான் கேப்பார். ஒருக்காச் சொல்லன்கா."

"நான் என்ன சொல்ல?" என்றாள் றஸ்னா. வாளியைத் தூக்கியபடியே சொன்னாள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு வெட்டி வெச்ச மரத்தையும் சேத்துக் கட்டின ஊடுதானே. நல்லாச் சாத்திட்டு அதுக்குள்ளயே இரி."

 "உன்ட பலகையெண்டு எனக்குத் தெரியும்" என்றாள் நபீலா. "யன்னலத் துறந்தா ஓரத்தில ‘ற’ இரிக்கி. பொலிஷ் பண்ணக்குள்ள நான்தான் அத அழிக்க வாணாமெண்டு சொன்ன."

அவர்கள் இருவரும் சரியாகக் கதைத்த கடைசிக் கதை அதுதான்.

இப்போது மண்டபத்தில் எல்லாரும் வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க, பாயிஸ் மட்டும் றஸ்னாவைப் பார்த்தான்.

"என்னிட்ட அவ கேக்கல்லயே" என்றான்.

"மூச்சு வாங்கின தெரியல்லயா ஒங்களுக்கு?"

"கேட்டன். எத்தின தரம் கேட்டன். தடிமன் எண்டா. உன்ட வாப்பாவும் தடிமன் எண்டாங்க. நான் இஞ்சி அவிச்சிக் குடுத்தன்." அவன் மெஷின் இருந்த மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஒரு வார்த்த. தூள் ஒத்துக்குதில்ல எண்டு ஒரேயொரு வார்த்த. கழட்டியிருப்பனே."

றஸ்னா இதை எதிர்பார்க்கவில்லை. அவன் சண்டை பிடிப்பான், சேர்ட்டை மாட்டிக்கொண்டு போவான், தன் பிழைப்பில் கை வைக்கிறாயா என்று கேட்பான் என்று நாற்பது நாளாய் அதற்கெல்லாம் பதில் சேர்த்து வைத்திருந்தாள். 

"இப்ப கழட்டுங்க" என்றாள். "மின்ஹாவுக்கும் தொடங்கிட்டு. ரெண்டு கிழமையா விடிஞ்சா இழுக்குது. நீங்க தடிமன் எண்டு நெனக்கிறீங்க."

அவன் எழும்பினான். சுபைறா கையைப் பிடித்தாள். "இரி மகன், கதைச்சி முடிச்சிட்டு…" அவன் கையை உருவிக்கொண்டு பின்பக்கம் போனான்.

கொஞ்ச நேரத்தில் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் வந்தது.  சுவர்க் கடிகாரம் றஸ்னாவுக்கு நேரே இருந்தது. இரண்டு மணி ஐந்து. முதல் நட்டு இறுகியிருந்திருக்க வேண்டும், அவன் ஏதோ எண்ணெய் விட்டுத் தட்டினான். இரண்டாவது இலேசாக வந்தது. மூன்றாவது. நாலாவது. மக்கீன் மாமா சாறனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உதவிக்குப் போனார். தள்ளுவண்டியின் சில்லு முற்றத்து மணலில் அரைபடுவது கேட்டது. மெஷின் வாசல் கடப்பைத் தாண்டித் தெருவில் ஏறியபோது இரண்டு மணி பதினேழு.

பன்னிரண்டு நிமிசம்.

பாயிஸ் திரும்பி வந்து மேசைமேல் நாலு நட்டுகளை வைத்தான். எண்ணெய் பூசிய, ஒவ்வொன்றும் ஒரு நெல்லிக்காய் அளவு நட்டுகள். அவன் எதற்காக அவற்றை உள்ளே கொண்டுவந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவற்றைப் பார்த்ததும் குசினி நிலையில் நின்ற ஹவ்வா உம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அப்படியே குந்தினாள். சத்தம் வரவில்லை. மகள் மௌத்தான அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

சுபைறாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது.

"பாத்தீங்களா? என்ட மகனப் போல மனிசன் இந்த ஊரில இரிக்கா? சொன்ன ஒடன கழட்டிட்டான். தொய்வ மறச்சதயும் நாங்க பெரிசாக் கதைக்கல்ல. போனது போயிட்டு. புள்ளக்கி ஒரு உம்மா வேணும். வெளியால இரிந்து ஒருத்தி வந்தா இந்தப் புள்ளயப் பாப்பாளா? றஸ்னாவும் இருவத்தாறு வயசாகி இரிக்கா. ரெண்டு பேருக்கும் சுறுக்கா ஒரு நாளப் பாத்துக் கலியாணக் காவின் எழுதுவம்."

"அதுதான் நல்லம்" என்றார் மக்கீன் மாமா, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "மெஷின எடு எண்டா, எடுத்தாச்சி. இனி உனக்கு என்ன நொட்ட இரிக்கி?"

றஸ்னா வாப்பாவைப் பார்த்தாள். அவர் மட்டும் வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று அந்த நேரத்தில் நினைத்தாள். இந்த வயதிலும் அப்படி நினைத்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மீராமுகைதீன் கதிரையிலிருந்து எழும்பி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கண் சிவந்திருந்தது. பக்கத்து யன்னலின் இரண்டு சிறகுகளையும் திறந்தார். யன்னல் சத்தமில்லாமல் திறந்தது. அவர் போட்ட பிணைச்சல் அல்லவா. மேல் ஓரத்தில், பொலிஷுக்கு அடியில், அந்த எழுத்து இருந்தது.

"பாரு மகள்" என்றார். "உன்ட பங்கு முழுக்க இந்த ஊட்டுக்குள்ளதான் போன. எனக்குத் தெரியாமயில்ல. ஏழு வருசமா நெஞ்சுக்குள்ள கெடக்குது. வேற மரம் வாங்க எனக்கு இனி ஏலா. நீ இந்த ஊட்டுக்கு வந்தாயெண்டா உன்ட யன்னல் உனக்கு, உன்ட கட்டில் உனக்கு. உன்ட பலகையெல்லாம் உன்னட்ட வந்துடும். நான் மௌத்தாகக்குள்ள கடன் இல்லாமப் போவன்."

அவர் அதை மனதார நம்பிச் சொன்னார். பலகையைப் பலகையோடு பொருத்துகிற மாதிரி, இடைவெளி தெரியாமல் பொருத்தியிருந்தார். மகள் செத்த கட்டிலை மற்ற மகளுக்கு நீதியாகக் கொடுக்கிறார். றஸ்னாவுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் இந்த மனிதர் அப்படியே விழுந்துவிடுவார் என்றும் தெரிந்தது.

"மௌத்தான அண்டைக்குக் காலயில பத்து மணிக்கி ராத்தா எனக்குக் கோல் எடுத்தா" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை.

"மெஷின் ஓடிக்கிட்டு இரிந்த. அவ கூப்பிட்டா மச்சானுக்குக் கேக்காது. அதான் எனக்கு எடுத்தா. ரெண்டு தரம். நான் சின்ன ஊட்டுக்குள்ள சோதினைக்குப் படிச்சிக்கிட்டு இரிந்தன். பேரப் பாத்தன். திரும்பவும் மெஷினப் பத்தித்தான் கதைக்கப் போறா எண்டு போனக் கவுட்டு வெச்சன்." அவள் பின்வளவுப் பக்கம் கையைக் காட்டினாள். "முப்பது எட்டு. நடந்து போயிருந்தா அரை நிமிசம். நான் என்ட பலகய எடுத்துட்டாங்க எண்ட கோவத்தில இரிந்தன், வாப்பா. ஒரு பலகக்கி."

"அல்லாஹ்வே" என்றாள் உம்மா தரையிலிருந்து.

"நீங்க எல்லாரும் சொல்லல்ல. நானும் சொல்லல்ல. மச்சானிட்டக் கேக்கப்படாது, கேக்கப்படாது எண்டு நாம எல்லாரும் சேந்து காப்பாத்தினது எது? அந்தா மேசையில கெடக்கு. நாலு நட்டு." அவள் பாயிசைப் பார்த்தாள். "ஒங்கள நான் குத்தம் சொல்லல்ல மச்சான். ஆனா அந்தக் கட்டில்ல நான் படுக்க மாட்டன். அதுக்கு முதல் அத வெறகாக் கொத்துங்க."

"முதிரையையா?" என்று வாப்பாவின் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்துவிட்டது. வந்ததும் அவர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

சுபைறா எழும்பி நின்றாள். "அப்ப புள்ள? தாயில்லாப் புள்ளய என்ன செய்யிற? வாப்பாக்காரன் இரிக்க நீ யாரு அதுக்கு?"

"சாச்சி" என்றாள் றஸ்னா. "தாயிட தங்கச்சி, சாச்சியா வளப்பன். அதுக்குக் காவின் எழுதத் தேவல்ல."

"ஊர் என்ன…"

"ஊர் நாப்பது நாளைக்கி முந்தியும் இரிந்த, மாமி. அது வந்து ராத்தாட நெஞ்சத் தடவிக் குடுத்ததா?"

அவள் படுக்கையறைக்குள் போனாள். மின்ஹா கட்டிலில் குறுக்கே படுத்துக் கண் விழித்துக் கிடந்தாள். பெரியவர்கள் சண்டை பிடிக்கும்போது ஐந்து வயதுப் பிள்ளைகள் படுத்திருப்பது போலப் படுத்திருந்தாள். நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம். கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருந்தது. பிள்ளையின் உடுப்பு, ஒரு போர்வை, கிளினிக் கொப்பி, லாச்சிக்குள்ளிருந்து எடுத்த பம். கத்தத்துக்கு ஆட்கள் வரும் முன், காலையிலேயே, றஸ்னா அதைக் கட்டி வைத்திருந்தாள். மண்டபத்தில் எது நடந்திருந்தாலும் அந்தப் பை அவிழ்ந்திருக்காது.

பிள்ளையையும் பையையும் எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பாயிஸ் வழியில் நின்றான். மக்கீன் மாமா, "மறிச்சுப் புடி மகன்" என்றார். பாயிஸ் மகளின் தலையில் கை வைத்தான். கையில் இன்னும் எண்ணெயும் தூளும் இருப்பதை அப்போதுதான் கண்டது போல் சட்டென்று எடுத்துச் சாறனில் துடைத்தான். துடைத்துத் துடைத்துப் பார்த்தான். பிறகு விலகி வழி விட்டான்.

"பின்னேரம் குளிச்சிட்டு வந்து பாக்கிறன்" என்றான். "வரலாமா?"

அந்த வீட்டில் அவன் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தரம்.

"வாங்க மச்சான். குளிச்சிட்டு வாங்க."

குசினி வழியாகப் போகும்போது உம்மா தரையில் இருந்தபடியே பிள்ளையின் செருப்பைத் தேடி எடுத்து, இரண்டு காலிலும் மாட்டிவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. வாரை இறுக்கிவிட்டாள். வாப்பா திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார், கை அந்த எழுத்தின்மேல் இருந்தது. றஸ்னா அவரைத் தாண்டித்தான் வந்திருந்தாள். தாண்டும்போது அவருடைய முழங்கையைத் தொட வேண்டும் போல் இருந்தது. தொடவில்லை.

கொட்டிலைக் கடந்தபோது வெறும் சீமெந்துத் தரையில் நாலு போல்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. மூலையில் மஞ்சள் தூள் குவியலாகக் கிடந்தது. காற்று குறைந்துவிட்டிருந்தது, கச்சான் முடிகிற காலம். இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருந்திருந்தால் நபீலாவுக்கு இந்த வருசம் தப்பியிருக்கும்.

மின்ஹா தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தாள்.

"சாச்சி, அண்டைக்கும் நானும் உம்மாவும் இதால வந்தம். பையெல்லாம் கொண்டு வந்தம்."

"ஓம் மகள். கண்டன்."

"மறுகா கிறுகிப் போயிட்டம்."

"ஓம்."

"இண்டைக்கும் கிறுகணுமா?"

றஸ்னா பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "இல்ல" என்றாள். பின்னால் யாரோ அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாப்பாவாக இருக்கலாம், மக்கீன் மாமாவாக இருக்கலாம். அவள் நிற்கவில்லை. கிணற்றைத் தாண்டியாயிற்று.